கட்டடத்துக்கு முன்பே கட்டப்படும் படம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அபார்ட்மென்ட். சாவி கொடுக்கும் நாள். வாசலில் வாழைமரம், உள்ளே பந்தல், தட்டில் கேசரி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்த பிரோஷரை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். அட்டைப்படத்தைக் கட்டடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தப் படத்தை ரெண்டர் செய்தவன் நான். அது அவருக்குத் தெரியாது.

"தம்பி, படத்துல வாசல் பக்கம் ஒரு பெரிய மரம் இருக்கே, அது எங்க?"

மரம் இருக்க வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நின்றது, கம்பி வேலியும் 'அபாயம்' பலகையுமாக.

"அது படத்துக்காகப் போட்டது சார்."

"அப்ப இதுல எதுப்பா வீட்டுக்காகப் போட்டது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு எலிவேஷன் படத்தையும் அனுப்பும் முன் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன்: சாவி கொடுக்கும் நாளில் இந்தப் படத்தைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் நான் அங்கே நிற்க முடியுமா, இல்லை பந்தலுக்குப் பின்னால் ஒளிய வேண்டுமா?

இது மனசாட்சிக் கணக்கு மட்டுமில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரேரா, விளம்பரம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் எந்த வடிவத்தில் வரும் விளம்பரமும் அடங்கும். பிரோஷரும் அதில் வரும், வாட்ஸ்அப் படமும் வரும். விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. வாங்கியவர் விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சட்டத்தின் கண்ணில் நம் படம் அலங்காரம் அல்ல, வாக்கு.

பில்டர், ஆர்க்கிடெக்ட், 3டி ஆர்ட்டிஸ்ட், பிரோஷர் டிசைனர் என்று இந்தப் படத்தைத் தொடும் எல்லோருக்குமானது இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. அப்ரூவ்டு பிளானை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பல ஆபீஸ்களில் நடப்பது இதுதான்: ஆர்க்கிடெக்டின் முதல் கான்செப்ட் டிராயிங் 3டி ஆளுக்குப் போய்விடும். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி ஒப்புதல் கொடுத்த பிளான் நாலு மாதம் கழித்து வரும். இடையில் ஒரு பால்கனி போயிருக்கும், ஒரு செட்பேக் கூடியிருக்கும். படம் மட்டும் பழைய பால்கனியோடு ஹோர்டிங் ஏறும். எந்த டிராயிங் எண், எந்தத் தேதி வைத்து மாடல் செய்தோம் என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். பின்னால் கேள்வி வரும்போது அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

2. முதலில் வெள்ளை மாடலுக்கு ஒப்புதல் வாங்குங்கள்.

நிறம், கண்ணாடி, மரம் எதுவும் இல்லாமல் சுண்ணாம்பு அடித்தது போன்ற வெறும் மாடலை நாலைந்து கோணங்களில் காட்டுங்கள். அளவும் கோணமும் அங்கேயே முடிவாக வேண்டும். நிறம் போட்டுக் காட்டிவிட்டால் எல்லோர் கண்ணும் நிறத்துக்குப் போய்விடும்; ஜன்னல் ஒரு அடி தள்ளியிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். திருத்தம் எத்தனை முறை என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று ஃபோல்டர் நிறையும்.

3. வடக்கு எது என்று கேட்டுவிட்டு வெயிலைப் போடுங்கள்.

சாஃப்ட்வேரில் சூரியனை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். ஊரில் முடியாது. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். வடக்கு பார்த்த கட்டடத்தின் முகப்பில் மார்கழியில் நேர் வெயில் விழவே விழாது. மேற்கு பார்த்த கட்டடத்துக்குக் காலை இளவெயில் அடித்துக் காட்டினால் அது அழகான பொய். அந்த வீட்டை வாங்குபவர் மே மாதம் நாலு மணிக்கு ஹாலில் உட்கார முடியாமல் உண்மையைத் தெரிந்துகொள்வார். ஊரின் இருப்பிடத்தையும் வடக்கையும் சரியாகக் கொடுத்துவிட்டால் வி-ரே, லூமியன், என்ஸ்கேப் எதுவானாலும் நாளையும் நேரத்தையும் வைத்துச் சூரியனைத் தானே சரியான இடத்தில் நிறுத்தும். அந்த வெளிச்சத்துக்குள் நல்ல நேரம் எது என்று தேடுங்கள். அதுதான் நம் தொழில்.

4. கேமராவை ஆள் நிற்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

முக்கியமான படம் ரோட்டிலிருந்து, சுமார் 1.6 மீட்டர் கண் உயரத்தில் இருக்கட்டும். சுவர்க்கோடுகள் செங்குத்தாக நிற்கட்டும். 30 அடி ரோட்டில் ஐந்து மாடிக் கட்டடம் முழுக்க ஒரு படத்துக்குள் வராது என்பது உண்மைதான். அதற்காக எதிர்வீட்டுச் சுவரை வெட்டிவிட்டு அந்த வீட்டுப் படுக்கையறைக்குள் கேமராவை வைப்பதும், அகல லென்ஸைப் போட்டு 30 அடி ரோட்டை 80 அடி ரோடாகக் காட்டுவதும் வழி அல்ல. தெருமுனைக்குப் போங்கள், மூலைக் கோணத்தில் எடுங்கள். மேலிருந்து பார்க்கும் பறவைக் கோணம் வேண்டுமென்றால் தனிப் படமாகக் கொடுங்கள். எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்று ஒரு சின்ன கீ-பிளானும் வடக்குக் குறியும் பக்கத்தில் இருந்தால், வாங்குபவர் சைட்டுக்கு வரும்போது அதே இடத்தில் நின்று பார்ப்பார். பில்டர் மேல் நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான்.

5. மரத்துக்கு வயது கொடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் நடப்படுவது பெரும்பாலும் எட்டு, பத்து அடிக் கன்று. படத்தில் நிற்பது முப்பது வயது மரம். இரண்டு வழி உண்டு. கன்றையே போட்டு, கட்டடம் நிமிர்ந்து தெரிய விடலாம். அல்லது 'பத்து ஆண்டுகளுக்குப் பின்' என்று படத்தின் கீழேயே படிக்கும் அளவில் எழுதி, வளர்ந்த மரத்தைக் காட்டலாம். எந்த மரம் என்பதையும் லேண்ட்ஸ்கேப் பட்டியலைப் பார்த்துப் போடுங்கள்: புங்கம், வேம்பு, பூவரசு, சரக்கொன்றை எதுவானாலும் சரி. கீழே கார் பார்க்கிங், மேலே போடியம், அதில் மூன்றடி மண். அந்த மண்ணில் அரசமரம் வளராது; படத்திலும் வளரக் கூடாது.

6. குழாயையும் தொட்டியையும் வரையுங்கள்.

படத்தில் இருக்கும் கட்டடத்தில் யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை, மின்விசிறிகூடச் சுற்றுவதில்லை. உண்மைக் கட்டடத்தில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டின் ஹெட்ரூம், சோலார் பேனல். சுவரில் மழைநீர்க் குழாய், ஏசி அவுட்டோர் யூனிட். கீழே இபி மீட்டர் பெட்டி. இவற்றை முதலிலேயே மாடலில் வைத்துப் பார்ப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. ஏசி யூனிட்டுக்கு இடமே விடவில்லை என்பது ரெண்டரில் தெரிந்துவிட்டால், அதை மறைக்க ஒரு ஜாலி (துளையுள்ள தடுப்பு) வைக்க ஆர்க்கிடெக்டுக்கு நேரம் இருக்கும். கட்டி முடித்த பிறகு தெரிந்தால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் இஷ்டத்துக்கு ஓட்டை போடுவார். முகப்பு ஆறே மாதத்தில் முகம் மாறிவிடும்.

7. நிறத்தையும் பொருளையும் ஸ்பெசிஃபிகேஷனில் இருந்து எடுங்கள்.

படத்தில் கல் பதித்த சுவர், ஸ்பெசிஃபிகேஷனில் 'டெக்ஸ்சர் பெயின்ட்'. படத்தில் கண்ணாடிக் கைப்பிடி, ஒப்பந்தத்தில் 'எம்எஸ் ரெயிலிங்'. சண்டை தொடங்கும் இடம் இதுதான். பால்கனிக் கைப்பிடி, ஜன்னல், முகப்புப் பூச்சு, காம்பவுண்டு சுவர், கேட் ஆகிய ஐந்தையும் ஒப்பந்தத்தில் உள்ள பட்டியலோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். முடிந்தால் சைட்டில் ஒரு சுவரில் அந்தப் பெயின்டை அடித்து வெயிலில் போட்டோ எடுத்து, அந்த நிறத்தையே படத்துக்குக் கொண்டுவாருங்கள்.

8. அக்கம்பக்கத்தை நேரில் போய் எடுங்கள்.

சைட்டுக்குப் போகாமல் ரெண்டர் செய்வது பெண்ணைப் பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி. ரோடு, பக்கத்துக் கட்டடம், எதிரே உள்ள கடை, மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதன் மேல் உங்கள் கட்டடத்தை உட்கார வையுங்கள். 'பத்தாவது மாடியிலிருந்து கடல் தெரியும்' என்று காட்ட வேண்டுமானால் ட்ரோனை அந்த உயரத்துக்கு ஏற்றி எடுத்துக் காட்டுங்கள். விமான நிலையம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் ட்ரோன் பறக்கத் தடையும் அனுமதி முறையும் உண்டு. முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ரேரா எண்ணைப் படத்துக்குள்ளேயே வையுங்கள்.

விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும் என்பது 11-ஆம் பிரிவு. பிரோஷரின் கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புரோக்கர் அட்டைப்படத்தை மட்டும் வெட்டி நூறு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவார். எண் கடைசிப் பக்கத்திலேயே தங்கிவிடும். படத்தின் ஓரத்தில், வெட்ட முடியாத இடத்தில், படிக்கும் அளவில் எண் இருக்கட்டும்.

10. அச்சில் ஒருமுறை பாருங்கள்.

ஏ3 பக்கத்தில் 300 டிபிஐ வேண்டுமென்றால் படம் 4961-க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். ஸ்கிரீனுக்குச் செய்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் ஜன்னல் கம்பி மொழுமொழுவென்று குழைந்துவிடும். ஸ்கிரீனில் ஒளிரும் வான நீலமும் புல் பச்சையும் அச்சு மையில் மங்கும். ஒரு புரூஃப் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு ஆயிரம் பிரதிக்குச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. ஓஎஸ்ஆர் நிலத்தை உங்கள் தோட்டமாகக் காட்டாதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனையில், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக (ஓஎஸ்ஆர்) ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அது பொது இடம். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஆனால் படங்களில் அதே இடம் காம்பவுண்டு சுவருக்குள், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், 'ரெசிடென்ட்ஸ் பார்க்' ஆகிவிடுகிறது. பிறகு அங்கே குடியிருப்போர் சங்கம் பூட்டுப் போடும், மாநகராட்சி பூட்டை உடைக்கும். சண்டைக்கு மூல காரணம் ஒரு ரெண்டர். ஓஎஸ்ஆர் நிலத்தைக் காட்டுங்கள், ஆனால் தனி வேலியோடும் தனி வாசலோடும், பொதுப் பூங்கா என்ற பெயரோடும் காட்டுங்கள். வாசலுக்கு எதிரே பொதுப் பூங்கா இருப்பது விற்பனைக்கு நல்ல செய்திதானே, அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

2. ஆளைச் சுருக்காதீர்கள்.

கட்டடத்தைப் பெரிதாகக் காட்ட மிக மலிவான வழி, பக்கத்தில் நிற்கும் மனிதரையும் காரையும் சின்னதாக்குவது. நாலடி உயரப் பெரியவர்கள் நடமாடினால் பத்தடித் தளம் அரண்மனை ஆகிவிடும். நீச்சல் குளத்தில் குழந்தைகளை பொம்மை அளவில் போட்டால் குளம் ஏரியாகிவிடும். கதவு உயரம் ஏழடி. அதன் பக்கத்தில் ஆளை நிறுத்திப் பாருங்கள், உண்மை அங்கேயே தெரியும்.

3. உயரத்தை 'கொஞ்சம்' ஏற்றாதீர்கள்.

மேலே ஒரு கிரீடம், மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி மண்டபம் என்று 'லுக்'குக்காகச் சேர்ப்பது வழக்கம். தமிழ்நாட்டில் 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது ஹைரைஸ்; செட்பேக்கும் தீயணைப்பு விதியும் எல்லாம் வேறு. ஆர்க்கிடெக்ட் அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட்டு நிறுத்திய உயரத்தை ஒரு மவுஸ் இழுப்பில் மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

4. படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போடாதீர்கள்.

லேஅவுட்டில் எழுத்துக்கு இடது பக்கம் இடம் வேண்டும் என்று டிசைனர் படத்தை 'ஃப்ளிப்' செய்துவிடுவார். வடகிழக்கில் இருந்த வாசல் வடமேற்குக்குப் போய்விடும். நம் ஊரில் முகப்புத் திசை பார்க்காமல் வீடு வாங்குபவர் குறைவு. வாஸ்து பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவரிடம் 'அது லேஅவுட்டுக்காகத் திருப்பினோம்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

5. பதிவுக்கு முன்பே படத்தை வெளியிடாதீர்கள்.

மனை 500 சதுர மீட்டர், வீடுகள் எட்டு என்ற வரம்புகளைத் தாண்டும் திட்டத்தை ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. 'ப்ரீ-லான்ச்', 'விரைவில்' என்று பெயர் வைத்தாலும் விளம்பரம் விளம்பரம்தான். பதிவு செய்யாத குற்றத்துக்கு அபராதம் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை போகலாம். மற்ற பிரிவுகளை மீறினால் 5 சதவீதம் வரை. ஒரு ஃபேஸ்புக் போஸ்ட்டுக்கு அது பெரிய விலை.

6. அக்கம்பக்கத்தை அழிக்காதீர்கள்.

பக்கத்து அபார்ட்மென்டை அழித்துப் புல்வெளி ஆக்குவது, பின்னால் ஓடும் கால்வாயை நீல ஏரியாக்குவது, எதிரே உள்ள லாரி ஷெட்டை மரத்தால் மறைப்பது எல்லாம் ஒரே ரகம்தான். கவனம் சிதறாமல் இருக்க அண்டைக் கட்டடங்களை வெளிறிய நிறத்தில் காட்டலாம். இல்லாமல் செய்யக் கூடாது.

7. கடன் வாங்கிய ஊரை வரையாதீர்கள்.

சாஃப்ட்வேரோடு வரும் நூலகத்தில் பைன் மரம் இருக்கும், கோட்டு போட்ட வெள்ளைக்காரர் நாயோடு நடப்பார். சென்னை பெரும்பாக்கத்தில் அவர் எங்கே போகிறார்? பள்ளிச் சீருடைக் குழந்தை, பூ வாங்கும் அம்மா, ஸ்கூட்டரில் வரும் அப்பா, தண்ணீர் கேன் போடும் தம்பி இவர்களை நீங்களே போட்டோ எடுத்து நூலகமாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியும் என்றால் சம்மதம் கேட்டு எடுங்கள்.

8. அந்தி வெளிச்சத்தை மட்டுமே நம்பாதீர்கள்.

ஊதா வானம், எல்லா ஜன்னலிலும் மஞ்சள் விளக்கு. இந்தப் படம் விற்கும், மறுக்கவில்லை. ஆனால் அது சுவரை மறைக்கும் வெளிச்சம். ஒன்று இருக்கட்டும். பகல் படம் இல்லாமல் அது மட்டும் போனால் வாங்குபவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

9. செயற்கை நுண்ணறிவு 'மெருகேற்றிய' படத்தை எண்ணிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ரெண்டரை அதில் போட்டால் இலையும் வெளிச்சமும் உயிர் பெறும். கூடவே ஒரு ஜன்னல் கூடும், ஒரு தூண் காணாமல் போகும், ஐந்து மாடி ஆறாகும். அதற்கு அப்ரூவ்டு பிளான் தெரியாது. மாடி எத்தனை, ஒவ்வொரு மாடியிலும் பால்கனி எத்தனை என்று விரல்விட்டு எண்ணுங்கள். மரத்துக்கும் வானத்துக்கும் வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள். கட்டடத்தின் மேல் கை வைக்க விடாதீர்கள்.

10. பொடி எழுத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள்.

'படம் கலைஞரின் கற்பனை, மாறுதலுக்கு உட்பட்டது' என்று எறும்பு எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்ற நினைப்பு இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. கட்டடத்தின் அப்ரூவ்டு பிளானையோ பொது இடங்களையோ மாற்ற, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்கிறது ரேராவின் 14-ஆம் பிரிவு. ஒரு வரி பொடி எழுத்து அந்தச் சம்மதம் ஆகாது. எது கற்பனையோ அதைச் சொல்லுங்கள்: 'சோபா விற்பனையில் சேராது', 'மரம் பத்தாண்டு வளர்ச்சியில்'. குறிப்பாகச் சொன்னால் அது தகவல். மொத்தமாகச் சொன்னால் அது சாக்கு.

11. பழைய படத்தை ஓடவிடாதீர்கள்.

பிளான் திருத்தப்பட்டு ஒப்புதல் வந்த அன்றே பழைய படத்தை ஹோர்டிங்கிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் புரோக்கர்களிடமிருந்தும் திரும்பப் பெறுங்கள். புதுப் படத்தில் தேதி போடுங்கள்.

இத்தனையும் பார்த்தால் படம் எப்படி விற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்த ஆசிரியரைச் சந்தித்த பிறகு வந்த ஒரு திட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மரை அது நிற்கும் இடத்திலேயே வரைந்தேன். பில்டர் முகம் சுளித்தார். ஆர்க்கிடெக்ட் பார்த்துவிட்டு, வாசலை எட்டடி தள்ளி, இடையில் ஒரு செங்கல் ஜாலியும் புங்கங்கன்று வரிசையும் வைத்தார். கட்டடம் படத்தைவிட நன்றாக வந்தது. மறைத்திருந்தால் அந்த ஜாலி வந்திருக்காது.

கடைசியாக, இதைப் படிக்கும் வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று பிரோஷரைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். தேதி எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். சாவி வாங்கும் நாளில் எடுத்து வந்து, கட்டடத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நீங்கள் அப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரிந்தால்தான் நாங்கள் ஒழுங்காக வரைவோம்.